ஊருக்கு வரும் பணமும் கணக்கில் வராத ஆளும்

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் இத்தனை கோடி டாலர் என்று உலக வங்கி அவ்வப்போது ஒரு கணக்கு வெளியிடும். பத்திரிகைகள் அதை நல்ல செய்தியாகப் போடும். அடுத்த சில நாட்களிலேயே ஓர் ஆயர் பேரவையோ, இஸ்லாமிய அறக்கட்டளையோ, வீட்டுவேலைத் தொழிலாளர் சங்கமோ குடியேறிகள் சுரண்டப்படுகிறார்கள் என்று அறிக்கை விடும். இரண்டையும் படிப்பவருக்குக் குழப்பம் வருவது நியாயம்தான். ஆள் வெளிநாடு போவது நல்லதா, கெட்டதா? பொருளாதாரம் பேசும் மாநாட்டில் பாதிரியாருக்கும் மௌலவிக்கும் என்ன வேலை?

இரு தரப்பும் பார்ப்பது ஒரே பயணத்தைத்தான். ஒருவர் பேரேட்டின் வரவுப் பக்கத்தைப் படிக்கிறார், இன்னொருவர் செலவுப் பக்கத்தை. அந்தச் செலவுப் பக்கத்தில் என்ன இருக்கிறது, யார் அதை எழுதிவைத்தார்கள், அவர்களுக்குள்ளேயே ஏன் சண்டை என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சொற்கள்

1. குடியேறி: பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வசிப்பவர். ஐ.நா. மதிப்பீட்டின்படி 2024இல் உலகில் சுமார் 30.4 கோடிப் பேர். மக்கள்தொகையில் இது 3.7 சதவீதம். அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் பிறந்த நாட்டிலேயேதான் இருக்கிறார்கள். "உலகமே கிளம்பி வருகிறது" என்ற மேடைப் பேச்சைக் கேட்கும்போது இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. (தமிழில் "புலம்பெயர்ந்தோர்" என்றாலே போரும் அதன் பின்விளைவும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அதனால் இங்கே பொதுவாகக் குடியேறி என்றே எழுதுகிறேன்.)

2. அகதி: இனம், மதம், தேசிய இனம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல் ஆகிய காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தில் நாட்டை விட்டு வெளியேறியவர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை தரும் வரையறை இது. வறுமைக்கும் வறட்சிக்கும் இதில் இடமில்லை. பல தகராறுகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

3. குடிமைச் சமூகம்: அரசும் அல்லாத, லாப நோக்கமும் இல்லாத அமைப்புகள். தொழிற்சங்கங்கள், மனித உரிமைக் குழுக்கள், குடியேறிகள் தாங்களே நடத்தும் சங்கங்கள் எல்லாம் இதில் சேர்த்தி. சமய அமைப்புகளும் பெரும்பாலும் இந்தக் கூடையில்தான் போடப்படுகின்றன, அவை எப்போதும் அதற்குச் சம்மதிப்பதில்லை என்றாலும்.

4. வளர்ச்சி: இந்தச் சொல்லுக்கு வரையறை தர முயல்வது வம்பு. மேலும் படித்தால் ஏன் என்று தெரியும்.

"வளர்ச்சி" எப்படி வந்து ஒட்டிக்கொண்டது

நெடுங்காலம் குடியேற்றம் என்பது உள்துறை அமைச்சகங்களின் விவகாரமாக இருந்தது. விசா, எல்லை, காவல். நிதி அமைச்சகங்கள் அதைத் திரும்பிப் பார்த்தது 2000க்குப் பிறகுதான். காரணம், பணம். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்குக் குடியேறிகள் அனுப்பிய தொகை 2023இல் சுமார் 65,600 கோடி டாலர். அதே ஆண்டு பணக்கார நாடுகள் வளர்ச்சி உதவி என்று கொடுத்த மொத்தத் தொகை சுமார் 22,300 கோடி டாலர். உதவியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு, அதுவும் எந்த அரசின் கையும் படாமல் நேரே வீட்டுக்கு வருகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

2006இல் ஐ.நா. பொதுச்சபை முதன்முறையாகக் குடியேற்றமும் வளர்ச்சியும் பற்றி உயர்மட்ட விவாதம் நடத்தியது. அப்போதைய பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் முன்வைத்த யோசனையிலிருந்து, குடியேற்றத்துக்கும் வளர்ச்சிக்குமான உலக மன்றம் பிறந்து 2007இல் பிரஸ்ஸல்ஸில் முதல்முறை கூடியது. இது ஐ.நா.வின் உறுப்பு அமைப்பு இல்லை. அரசுகள் தாமாகக் கூடிப் பேசும் இடம். அங்கே எடுக்கும் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது.

குடிமைச் சமூகத்துக்கென்று அங்கே தனியாக நாள் ஒதுக்கினார்கள். அமைச்சர்கள் வருவதற்கு முன்பு நீங்கள் பேசி முடித்துவிடுங்கள் என்பதுபோல. 2010இல் மெக்சிகோவின் புவெர்ட்டோ வயார்ட்டாவில்தான் இரு தரப்பும் ஒன்றாக உட்காரும் "பொது வெளி" என்ற அமர்வு வந்தது. 2011 முதல் குடிமைச் சமூகத்தின் பங்கேற்பை ஒருங்கிணைக்கும் பொறுப்பைச் சர்வதேசக் கத்தோலிக்கக் குடியேற்ற ஆணையம் ஏற்றது. 1951இல் தொடங்கிய அமைப்பு அது. இதற்கிடையே, உள்ளே உட்கார்ந்து பேசிப் பயனில்லை என்று நினைத்தவர்கள் 2008 மணிலா கூட்டத்தின்போதே வெளியே தனி மாநாடு போட்டார்கள். உள்ளிருந்து பேசுவதா, வெளியே நின்று கத்துவதா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை.

ஒரு தொழிலாளியின் கணக்கு

செலவுப் பக்கம் என்று சொன்னேன் அல்லவா, அதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். எண்கள் நான் எளிமைக்காக எடுத்துக்கொண்டவை.

ஒருவர் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வெளிநாடு போகிறார். மாதச் சம்பளம் 400 டாலர். போவதற்கு ஏஜென்ட், விசா, மருத்துவச் சோதனை, டிக்கெட் எல்லாம் சேர்த்து 3,000 டாலர். கையில் இல்லை, மூன்று வட்டிக்கு வாங்குகிறார். அதாவது நூற்றுக்கு மாதம் 3. சாப்பாட்டுக்கும் போனுக்கும் போக மாதம் 250 டாலர் வீட்டுக்கு அனுப்புகிறார்.

முதல் மாதம் வட்டி மட்டும் 90 டாலர். அனுப்பிய 250இல் அசலுக்குப் போவது 160தான். இப்படியே முழுப் பணத்தையும் கடனுக்குக் கட்டிக்கொண்டே போனால் அது தீர 15 மாதம் ஆகும். மிச்சம் 9 மாதம். அந்த 9 மாதத்தில் வீட்டுக்கு என்று உண்மையில் வந்து சேர்வது 2,200 டாலர் சொச்சம்.

ஆனால் தேசியக் கணக்கில் அவர் அனுப்பிய தொகை 24 மாதம் × 250, ஆக 6,000 டாலர். அறிக்கையில் ஏறும் எண் இதுதான். அதில் கிட்டத்தட்ட 3,800 டாலர் வட்டிக்காரருக்கும், அவர் கொடுத்த கடன் வழியாக ஏஜென்டுக்கும் அவருக்கு மேலே இருப்பவருக்கும் போய்விட்டது என்பதற்கு அந்த அறிக்கையில் பத்தி கிடையாது. பத்தாவது மாதம் முதலாளி சம்பளத்தை நிறுத்தினாலோ, ஆளைத் திருப்பி அனுப்பினாலோ என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கடன் இருக்கும்வரை அவரால் வேலையை விடவும் முடியாது, புகார் கொடுக்கவும் முடியாது. கொத்தடிமை முறைக்கு இன்று சங்கிலி தேவையில்லை, ஒரு புரோநோட்டு போதும்.

இன்னும் ஒரு சிறிய வெட்டு: 200 டாலர் அனுப்பினால் உலகச் சராசரியாக 12 டாலருக்கு மேல் அனுப்பும் கட்டணமாகவே போகிறது. 2030க்குள் இதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. இப்போது இருப்பது அதைப் போல இரண்டு மடங்கு.

வேதத்திலிருந்து விண்ணப்பப் படிவம் வரை

சமய அமைப்புகள் இந்தக் கணக்குக்குள் எப்படி வந்தன? அந்நியரை உபசரி என்று எல்லா மதங்களும் சொல்கின்றன என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். அப்படிச் சொன்னால் விஷயம் நழுவிவிடும். ஒவ்வொரு மரபும் எந்த இடத்தில் அழுத்துகிறது என்று பார்த்தால்தான் அது செய்யும் வேலை புரியும்.

யூத மரபின் அழுத்தம் நினைவில் இருக்கிறது. எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்தீர்கள், ஆகவே அந்நியரை நேசியுங்கள் என்கிறது லேவியராகமம். ரஷ்யப் பேரரசில் நடந்த யூத எதிர்ப்புக் கலவரங்களிலிருந்து தப்பி நியூயார்க் வந்தவர்களுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய ஹயாஸ் என்ற யூத அமைப்பு, இன்று பெரும்பாலும் யூதரல்லாத அகதிகளுக்கு உதவுகிறது.

இஸ்லாத்தின் ஆண்டுக்கணக்கே ஓர் இடப்பெயர்வில், 622இன் ஹிஜ்ராவில், தொடங்குகிறது. அதைவிட நடைமுறையில் கனமானது ஜகாத் என்ற கட்டாயத் தர்மம். யாருக்குக் கொடுக்கலாம் என்று குர்ஆன் எட்டு வகையினரைப் பட்டியலிடுகிறது. அதில் ஏழைகளோடு கடனில் மூழ்கியவர், அடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட வேண்டியவர், வழிப்போக்கர் மூவரும் உண்டு. மேலே பார்த்த தொழிலாளி இந்த மூன்று வகையிலும் பொருந்துவார் என்று வாதிட இடமிருக்கிறது. ஐ.நா. அகதிகள் முகமை 2019இல் அகதிகளுக்கான ஜகாத் நிதியைத் தொடங்கியபோது இந்த வகைப்பாடுதான் அடித்தளம். வேத வரி ஒன்று நிதி ஒதுக்கீட்டு விதியாக மாறிய இடம் இது.

கத்தோலிக்கத் திருச்சபையின் பங்கு வேறு மாதிரி. 1887இல், இத்தாலியிலிருந்து லட்சக்கணக்கானோர் அமெரிக்கக் கண்டங்களுக்குக் கப்பலேறிய காலத்தில், பியாசென்சா நகர ஆயர் ஸ்கலபிரினி குடியேறிகளுக்கென்றே ஒரு துறவற சபையைத் தொடங்கினார். இன்றும் எல்லை நகரங்களில் அந்தச் சபை விடுதிகள் நடத்துகிறது. திருச்சபையின் போதனை இரண்டு உரிமைகளைச் சேர்த்தே சொல்கிறது: போகும் உரிமை, போகாமல் இருக்கும் உரிமை. இரண்டாவதை யாரும் அதிகம் பேசுவதில்லை. சொந்த ஊரில் கௌரவமாக வாழ முடியாமல் கிளம்புகிறவரின் பயணத்தை "வளர்ச்சிக்கான பங்களிப்பு" என்று பாராட்டினால், அவரைத் துரத்திய காரணத்தை மறைத்தாகிவிடும். திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூலையில் ரோமுக்கு வெளியே தன் முதல் பயணமாகப் படகுகள் கவிழும் கடலோரத் தீவான லாம்பெடூசாவைத் தேர்ந்தெடுத்ததைப் பலரும் அறிவார்கள். குடியேற்றம் பற்றிய 2018இன் உலக உடன்பாட்டுப் பேச்சுவார்த்தைக்கு முன்பு அவருடைய அலுவலகம் 20 செயல் அம்சங்களைப் பட்டியலிட்டு அரசுகளிடம் கொடுத்ததை அறிந்தவர்கள் குறைவு.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. அதே மதம் மறுபக்கமும் பேசும். ஹங்கேரி அரசு கிறிஸ்தவ ஐரோப்பாவைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டுதான் 2018இல், புகலிடம் கேட்பவர்களுக்கு உதவுவதையே குற்றமாக்கிய சட்டத்தைக் கொண்டுவந்தது. அது ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

96 நாள் ஓடிய ஒரு வழிபாடு

நெதர்லாந்துச் சட்டத்தில் ஒரு பழைய விதி உண்டு: வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போது காவல்துறை தேவாலயத்துக்குள் நுழையக் கூடாது. 2018 அக்டோபர் 26 அன்று, நாடு கடத்தப்படவிருந்த ஆர்மீனியக் குடும்பம் ஒன்றுக்காக ஹேக் நகரின் பெத்தேல் தேவாலயத்தில் ஒரு வழிபாட்டைத் தொடங்கினார்கள். அதை முடிக்கவில்லை. இரவு பகலாக, நூற்றுக்கணக்கான போதகர்கள் முறைவைத்து வந்து ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்ந்தார். 96 நாள். 2019 ஜனவரி இறுதியில், அங்கேயே வளர்ந்த குழந்தைகளின் மனுக்களை மறுபடி பரிசீலிக்க ஆளும் கூட்டணி ஒப்புக்கொண்டது. சுமார் 700 குழந்தைகளின் வழக்குகள். வழிபாடு அப்போதுதான் நின்றது.

அழகான கதைதான். ஆனால் அதே ஒப்பந்தத்தில், ஐ.நா. பரிந்துரையில் ஆண்டுக்கு ஏற்கும் அகதிகளின் எண்ணிக்கையை அரசு 750இலிருந்து 500ஆகக் குறைத்துக்கொண்டது. ஒரு கதவு திறந்தது, யாருக்கும் முகம் தெரியாத இன்னொரு 250 பேருக்கான கதவு மூடியது. கண்முன் நிற்பவருக்காக உருகும் அறம், பட்டியலில் எண்ணாக இருப்பவரைக் காப்பாற்றத் தடுமாறுகிறது. சமய அமைப்புகளின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருப்பது இதில் தெரிகிறது.

இதைவிட நிதானமான வழியை இத்தாலியில் பார்க்கலாம். சந்த் எஜிதியோ சமூகம் என்ற கத்தோலிக்க அமைப்பும் புராட்டஸ்டண்ட், வால்டென்சிய சபைகளும் சேர்ந்து 2015 டிசம்பரில் அரசோடு ஒப்பந்தம் போட்டன. ஐரோப்பிய விசா விதிகளில் மனிதாபிமான அடிப்படையில் வரம்புக்குட்பட்ட விசா தரலாம் என்று ஓரமாக ஒரு விதிவிலக்கு இருந்தது. அதைப் பிடித்து லெபனானில் தவித்த சிரிய அகதிகளை 2016 பிப்ரவரி முதல் விமானத்திலேயே அழைத்துவந்தார்கள். செலவு சபைகளுடையது, பாதுகாப்புச் சோதனை அரசுடையது. கடத்தல்காரருக்குக் காசும் இல்லை, கடலில் சாவும் இல்லை. முதல் ஒப்பந்தம் இரண்டு ஆண்டில் 1,000 பேருக்கு. சிறிய எண்தான். பிறகு வேறு சில ஐரோப்பிய நாடுகளும் இந்த முறையை எடுத்துக்கொண்டன.

சங்கங்கள் கேட்பது தயவு இல்லை

தொழிற்சங்கங்களும் குடியேறிகளின் சங்கங்களும் பேசும் மொழி வேறு. விருந்தோம்பல் என்ற சொல்லே அவர்களுக்கு உறுத்தும். விருந்தாளி வேலை செய்வதில்லை, இவர்கள் செய்கிறார்கள். ஆகவே கேட்பது கூலி, விடுப்பு, சங்கம் சேரும் உரிமை. அவர்களுடைய முயற்சிகள் சட்ட வடிவம் பெற்ற சில இடங்கள்:

1. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181ஆம் உடன்படிக்கை (1997): தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது. விதிவிலக்குகள் உண்டு, ஏற்காத நாடுகளும் நிறைய.

2. 189ஆம் உடன்படிக்கை (2011): வீட்டுவேலை செய்பவரும் தொழிலாளிதான். இதை எழுதிவைக்க 2011 வரை ஆனது என்பதே ஒரு செய்தி.

3. குடியேறித் தொழிலாளர் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை: 1990 டிசம்பர் 18இல் ஏற்கப்பட்டு 2003இல் அமலுக்கு வந்தது. மேற்கு ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, வளைகுடா நாடுகள் எதுவும் இதில் சேரவில்லை. ஆளை அனுப்பும் நாடுகள் கையெழுத்திட்டு, ஆளை வாங்கும் நாடுகள் ஒதுங்கிக்கொண்ட உடன்படிக்கை.

4. 2018இன் உலக உடன்பாடு: பாதுகாப்பான, ஒழுங்கான, முறையான குடியேற்றத்துக்கான 23 நோக்கங்கள். ஐ.நா. பொதுச்சபையில் 152 நாடுகள் ஆதரவு, 5 எதிர்ப்பு, 12 நடுநிலை. சட்டக் கட்டாயம் இல்லை. ஆறாவது நோக்கம் நியாயமான ஆள்சேர்ப்பு, இருபதாவது பணம் அனுப்பும் செலவைக் குறைப்பது. நம் தொழிலாளியின் கணக்கு இந்த இரண்டு எண்களுக்குள்தான் இருக்கிறது.

2020இல் கொரோனா முடக்கத்தில் வேலை போய்க் கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலருக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. விமானம் ஏறியபின் எந்த நீதிமன்றத்தில் கேட்பது? ஆசியக் குடியேறிகள் மன்றமும் வேறு சில அமைப்புகளும் அதற்குக் "கூலித் திருட்டு" என்று பெயர் வைத்து, பாக்கியை வாங்கித் தரத் தனி நீதிமுறை வேண்டும் என்று கேட்டன. நிலுவை என்றால் அது நிர்வாகச் சிக்கல். திருட்டு என்றால் குற்றம். ஒரு சொல்லை மாற்றுவதற்கே எவ்வளவு வேலை இருக்கிறது என்று இதில் தெரிந்துகொள்ளலாம்.

உள்ளே இருக்கும் உரசல்கள்

அப்புறம், இவர்கள் எல்லோரும் ஒரே அணி என்று நினைத்துவிடக் கூடாது.

1. அரசுப் பணம். அமெரிக்காவில் அகதிகளைக் குடியமர்த்திய தேசிய அமைப்புகளில் பாதிக்கு மேல் சமய அமைப்புகளாக இருந்தன, அவை நம்பியிருந்தது அரசு நிதியை. 2025 ஜனவரியில் அகதிகள் வருகை நிறுத்தப்பட்டதும் பணமும் நின்றது. ஏப்ரலில் கத்தோலிக்க ஆயர் பேரவை அரசுடனான ஒப்பந்தங்களை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. தென்னாப்பிரிக்க வெள்ளையர்களை முன்னுரிமையில் குடியமர்த்த அரசு சொன்னபோது எபிஸ்கோபல் சபை மறுத்து மே மாதம் விலகியது. கொள்கை காப்பாற்றப்பட்டது. பல ஆண்டுகளாகக் கட்டிய ஏற்பாடு கலைந்தது.

2. மதமாற்றச் சந்தேகம். கஞ்சியோடு பிரசங்கமும் சேர்த்து ஊற்றப்படுகிறதா என்ற கேள்வி சமய உதவி உள்ள எல்லா இடத்திலும் எழும். பெரிய அமைப்புகள் நிபந்தனையற்ற உதவி என்ற நெறியை ஏற்றிருக்கின்றன. சிறிய குழுக்கள் எல்லாம் அப்படி என்று சொல்ல முடியாது.

3. யாருடைய வளர்ச்சி? மெக்சிகோவின் சகாதேகாஸ் மாநிலத்தில் தொடங்கி 2002இல் நாடு தழுவியதாக மாறிய "ஒன்றுக்கு மூன்று" திட்டத்தில், அமெரிக்காவில் இருக்கும் ஊர்ச் சங்கம் ஒரு பெசோ போட்டால் மத்திய, மாநில, உள்ளாட்சி அரசுகள் ஆளுக்கு ஒரு பெசோ போட்டன. சாலையும் குடிநீரும் வந்தன. ஆனால் வெளிநாடு போன சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு அரசின் மூன்று பெசோவும் கிடைக்கவில்லை. சாலை போடுவது அரசின் கடமை என்றால், அதற்கு ஏன் ஒருவர் நாட்டை விட்டுப் போயிருக்க வேண்டும்? சங்கங்களுக்குள்ளேயே இந்த வாதம் நடந்தது.

அடுத்த முறை செய்தியில் தேட வேண்டிய எண்

நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 10.7.1 என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. வேலை கிடைக்கத் தொழிலாளி தன் கையிலிருந்து கொடுத்த தொகை, போன நாட்டில் அவர் வாங்கும் மாத வருமானத்தில் எத்தனை பங்கு என்பதே அது. சமய அமைப்புகளும் சங்கங்களும் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுவந்ததை ஒற்றை எண்ணாகச் சொன்னால் இதுதான். அனுப்பிய பணம் பற்றிய செய்தி வரும்போது பக்கத்தில் இந்த எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. தொழிலாளியிடம் ஒரு காசும் வாங்காத ஆள்சேர்ப்பு என்றால் இந்த எண் பூஜ்யம். நாம் மேலே பார்த்த தொழிலாளிக்கு 3,000ஐ 400ஆல் வகுத்தால் வருவது ஏழரை.